உயிர்த்தகுதி குறித்து

1

சில சொற்கள் பிறந்த இடத்தை மறந்துவிட்டு ஊர் சுற்றுகின்றன. இருதய மருத்துவர்கள் இன்று நாள்தோறும் புழங்கும் 'வயபிலிட்டி' அப்படிப்பட்ட ஒரு சொல். ரத்தக்குழாய் அடைபட்டு இயக்கம் குன்றிய இருதயத் தசை இன்னும் உயிரோடிருக்கிறதா, ரத்தத்தைத் திருப்பிவிட்டால் மறுபடி சுருங்கி விரியுமா என்று கேட்க அவர்கள் இந்தச் சொல்லைத்தான் எடுக்கிறார்கள். தமிழில் உயிர்த்தகுதி என்று சொல்லிப் பார்க்கிறேன். உயிரையும் தகுதியையும் சேர்த்து முடிச்சுப் போட்ட உடனேயே சொல் உறுத்தத் தொடங்குகிறது. அந்த உறுத்தலைத்தான் இங்கே பின்தொடர விரும்புகிறேன்.

சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. உயிர், வாழ்வு என்று பொருள்படும் 'வீ' அதன் வேர். மருத்துவத்தில் போலவே சட்டத்திலும் அதற்கு இடமிருந்தது. 1804-இன் பிரெஞ்சு சிவில் சட்டம், சொத்துக்கு வாரிசாக முடியாதவர்கள் என்று மூன்று பேரை ஒரே வரிசையில் நிறுத்தியது: இன்னும் கருவாகாதவன், பிறந்தும் பிழைக்கும் தகுதியில்லாத குழந்தை, உடம்பில் உயிரிருந்தும் சட்டத்தின் கண்ணுக்குச் செத்துப்போன தண்டனைக் கைதி. மூன்றாவது வகை 1854-இல் பிரான்சில் ஒழிக்கப்பட்டது. இரண்டாவது நிலைத்தது.

புதுச்சேரியில் இருந்துகொண்டு இதைத் தூரதேசத்துச் செய்தியாகப் பார்க்க என்னால் முடியவில்லை. 1881-ஆம் ஆண்டு ஆணையின் கீழ் தங்கள் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களின் குடும்பங்கள், ரெனோன்சான்கள், இந்த ஊரில் உண்டு. 1962-இல் சட்டப்படியான இணைப்பு முடிந்த பிறகும் அவர்களுடைய வாரிசு வழக்குகளில் அந்தச் சட்டம் பேசிக்கொண்டுதான் இருந்தது. குழந்தை அழுததா, மூச்சு விட்டதா என்பதோடு நிற்காமல், அது பிழைக்கக்கூடியதாகப் பிறந்ததா என்று கேட்கிற வழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சட்டத்தில் இந்தச் சொல் உயிரைக் குறிக்கவில்லை. மூச்சு விடுகிற குழந்தைக்கும் தகுதி இல்லாமல் போகலாம். சொல் ஒரு வாசல். வாசலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஓர் உரிமை இருக்கிறது. யாரை உள்ளே விடுவது என்பதே கேள்வி. இருதய மருத்துவத்துக்கு வந்தபோது சொல்லின் உள்ளடக்கம் தலைகீழாக மாறியது. அங்கே இயங்கிக்கொண்டிருப்பது பிழைக்காது என்ற தீர்ப்பு. இங்கே இயங்காதது பிழைத்திருக்கிறது என்ற நம்பிக்கை. ஆனால் வாசல் மாறவில்லை. தகுதியுள்ள தசைக்கு அறுவை சிகிச்சை உண்டு. தகுதியில்லாத தசைக்கு மாத்திரை மட்டும்.

2

முதலில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கிளீவ்லாந்தில் 1967-இல் ஃபவலோரோ காலிலிருந்து எடுத்த நாளத்தைக் கொண்டு இருதயத்தின் அடைப்புக்கு மாற்றுப்பாதை போட்டார். 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்தார். 1977-இல் சூரிக்கில் குருன்ட்சிக், நெஞ்சைத் திறக்காமலே பலூனை உள்ளே அனுப்பி அடைப்பை விரித்தார். இப்படி ரத்தம் திரும்பியபோது ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. செத்துவிட்டது என்று எழுதப்பட்ட சில சுவர்கள் அசைய ஆரம்பித்தன.

அசையாதது எல்லாம் செத்ததல்ல என்பது இப்படித் தெரியவந்தது. ரத்த வரத்து குறைந்தபோது தசை தன் வேலையையும் அதற்கேற்பக் குறைத்துக்கொண்டு, செலவைச் சுருக்கி, உயிரை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு கிடக்கிறது. இந்த நிலையை 1980-களில் மருத்துவ உலகத்தில் நிலைநாட்டியவர் பம்பாயில் பிறந்த ஷாபுதீன் ரஹிம்தூலா. அவர் நிலைபெறச் செய்த பெயர், பனிக்காலம் முழுவதும் குகையில் தூங்கும் கரடியிலிருந்து வந்தது. நம் கடற்கரைக்குப் பனியும் இல்லை, கரடியும் இல்லை. ஆனால் நம்மிடம் அறிதுயில் என்ற சொல் இருக்கிறது. பாம்பணையில் கிடப்பவன் தூங்குகிறான் என்று யாரும் அவனைக் கணக்கிலிருந்து நீக்குவதில்லை. கரடியை விட இது இந்தத் தசைக்குப் பொருத்தமான பெயர் என்று எனக்குப் படுகிறது. அது தூங்குவது அறியாமையால் அல்ல. உயிரோடிருக்க அதற்குத் தெரிந்த ஒரே வழி அது.

உறங்குகிறதா, செத்ததா என்று கண்டுபிடிக்கப் பல வழிகள் உண்டு. அவற்றில் மிக நுட்பமாகப் படம் காட்டுவது காந்தப்புலத்தில் வைத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ. நோயாளி குழாய் போன்ற இயந்திரத்துக்குள் படுத்து, சொல்லும்போதெல்லாம் மூச்சைப் பிடிக்க வேண்டும். கையில் கடோலினியம் என்ற உலோகம் சேர்ந்த மருந்தை ஏற்றி, ஏறக்குறைய பத்து நிமிடம் கழித்துப் படம் எடுக்கிறார்கள். இந்த மருந்து உயிரணுவின் சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. முழு உயிரணுக்கள் நெருங்கி அடைந்திருக்கும் இடத்தில் அதற்குத் தங்க இடமில்லை. வந்த வழியே கழுவிக்கொண்டு போய்விடுகிறது. அணுக்கள் செத்துத் தழும்பாகிப்போன இடத்தில், இடைவெளி பெருத்துக் கிடப்பதால், அங்கேயே தேங்குகிறது. தேங்கிய இடம் படத்தில் வெள்ளையாகத் தெரியும்.

ஆகவே வெள்ளை சாவு, கருப்பு உயிர். இந்தப் படம் உயிரைப் பார்ப்பதே இல்லை என்பதை வாசகர்கள் யோசிக்க வேண்டும். அது பார்ப்பது சாவை. சாவு இல்லாத இடத்தை உயிர் என்று நாம் ஊகித்துக்கொள்கிறோம். அதற்கும் மேலே போய், படம் எடுப்பவர் ஒரு கணத்தைத் தேர்ந்தெடுக்கிறார்: ஆரோக்கியமான தசையிலிருந்து வரும் சமிக்ஞை சரியாகப் பூஜ்யமாகும் கணம். உயிரைப் பூஜ்யத்தில் நிறுத்தி வைத்தால்தான் சாவு துலக்கமாகத் தெரிகிறது. வெள்ளைக்குச் சாவு என்ற அர்த்தம் எப்படிக் கிடைத்தது என்றால், 1990-களின் இறுதியில் நாய்களின் இருதயங்களைச் செயற்கையாகப் பழுதாக்கி, படம் எடுத்து, பிறகு வெட்டிச் சாயமேற்றி, வெள்ளைப் பகுதியும் செத்த பகுதியும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவதைக் கண்டார்கள். படத்தின் அகராதி பிணத்திலிருந்து தொகுக்கப்பட்டது.

இது புதிய சங்கதியுமல்ல. 1802-இல் முப்பது வயதில் செத்துப்போன பிஷா, படுக்கையருகே நின்று வருஷக்கணக்காகக் குறிப்பெடுப்பதைவிடச் சில உடல்களைத் திறந்து பார்ப்பது மேல் என்று பாரிஸ் மருத்துவத்துக்குக் கற்றுக்கொடுத்தார். சாவை எதிர்த்து நிற்பவற்றின் தொகையே உயிர் என்பது அவர் கொள்கை. 1816-இல் லென்னெக் காகிதத்தைச் சுருட்டி மார்பின்மேல் வைத்துக் கேட்டார். பிணத்தைத் திறந்தால் தெரியக்கூடியதை உயிரோடிருப்பவனிடத்திலேயே கேட்டுவிடுவது அவருடைய முயற்சி. அவர் நூல் வெளிவந்த நான்காம் வருஷம், 1823-இல், பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்கள். கோரிமேட்டில் 1964 முதல் ஜிப்மர் என்ற பெயரில் நின்று, 2008-இல் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாக்கப்பட்ட மருத்துவமனை தன் வம்சாவளியை அந்தப் பள்ளியிலிருந்துதான் சொல்லிக்கொள்கிறது. 1963-இல் மருத்துவப் பார்வையின் பிறப்பைப் பற்றி எழுதிய ஃபூக்கோ, பிஷாவைத் திருப்புமுனையாகக் கொண்டார். உயிரை அறியும் அறிவு சாவின் பக்கம் போய் நின்று திரும்பிப் பார்க்கிறது என்பது அவர் வாதம். எம்.ஆர்.ஐ. அந்தப் பாதையின் தர்க்கபூர்வமான கடைசிக் கட்டம். உயிரோடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பவனுக்குள் நடக்கும் சவப்பரிசோதனை அது. இதை வசையாகச் சொல்லவில்லை. வலியில்லாத, கத்தியில்லாத இந்தப் பரிசோதனையால் வீணான அறுவைகளிலிருந்து தப்பியவர்கள் உண்டு. அது எந்தத் திசையிலிருந்து பார்க்கிறது என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

3

2000-ஆம் ஆண்டு நவம்பரில் சிக்காகோவிலிருந்து ரேமண்ட் கிம்மும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் மூலபாடம். ஐம்பது நோயாளிகள். ரத்தத்தைத் திருப்பிவிடும் சிகிச்சைக்கு முன்பு எடுத்த படத்தையும், பின்பு சுவர் அசைந்ததா என்பதையும் பகுதி பகுதியாக ஒப்பிட்டார்கள். சரியாக இயங்காத பகுதிகள் 804. வெள்ளையே இல்லாத 329 பகுதிகளில் 256 தேறின, நூற்றுக்கு 78. வெள்ளை கூடக்கூடத் தேறுவது படிப்படியாகக் குறைந்தது. சுவரின் கனத்தில் முக்கால் பங்குக்கு மேல் வெள்ளை பரவிய பகுதிகள் 58. அவற்றில் தேறியது ஒன்று.

நான் இந்த ஒன்றில் நின்றுவிட்டேன்.

விஞ்ஞானத்துக்கு இந்த ஒன்று ஒரு பொருட்டல்ல, ஆகவும் கூடாது. அளவீட்டின் தடுமாற்றமாக இருக்கலாம். முன்பு எடுத்த படத்தின் பகுதியும் பின்பு எடுத்த படத்தின் பகுதியும் துல்லியமாகப் பொருந்தாமல் போயிருக்கலாம். பக்கத்துச் சுவர் இழுத்து இது அசைந்ததாகத் தோன்றியிருக்கலாம். 58-இல் ஒன்று என்ற எண், ஏறக்குறைய இல்லை என்றே பொருள்படும். என் கேள்வி அந்த 'ஏறக்குறைய' என்ற சொல்லைப் பற்றியது. ஆய்வுக் கட்டுரையில் அது இருக்கிறது. ரிப்போர்ட்டில் பாதி இருக்கிறது. நோயாளியின் கட்டிலருகே வரும்போது அது உதிர்ந்துவிடுகிறது. அவன் காதில் விழுவது 'தேறாது' என்ற ஒற்றை வினைமுற்று.

329-இன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தழும்பின் சுவடே இல்லாத பகுதிகளில் 73 தேறவில்லை. உயிரோடிருந்தது, வழியும் திறக்கப்பட்டது, ரத்தமும் வந்தது, ஆனாலும் எழவில்லை. காரணங்களை மருத்துவர்கள் சொல்வார்கள்: நெடுங்காலம் உறங்கியதில் சுருங்கும் புரதங்களை அணு இழந்துவிடுகிறது, ஒட்டுப்போட்ட குழாய் மறுபடி அடைத்துக்கொள்ளலாம், எழுந்திருக்க இன்னும் மாதங்கள் தேவைப்பட்டிருக்கலாம். எல்லாம் சரி. எனக்கு இதில் படுவது, ஆருடம் இரண்டு பக்கமும் கசிகிறது என்பது. ஆனால் ஒரு பக்கத்துக் கசிவை நாம் துரதிர்ஷ்டம் என்கிறோம். மறுபக்கத்துக் கசிவைப் பார்க்கும் சந்தர்ப்பமே பெரும்பாலும் நமக்கு வாய்ப்பதில்லை. ஏனெனில் தேறாது என்று முடிவு செய்த இடத்தில் யாரும் முயல்வதில்லை. முயலாததால் அது தேறுவதில்லை. தேறாததால் ஆருடம் பலித்தது. தன்னைத் தானே நிரூபித்துக்கொள்ளும் தீர்ப்புகளுக்கு வெளியிலிருந்து சாட்சி கிடைப்பது கடினம்.

4

என் தாய்மாமன் இந்த ஊரின் பஞ்சாலை ஒன்றில் நூற்புப் பிரிவில் இருந்தவர். ஊரின் மூன்று பெரிய ஆலைகளும் இன்று இயங்கவில்லை. சில வருஷங்களுக்கு முன் அவருக்கு மாரடைப்பு வந்து, பிறகு நடந்தால் மூச்சு வாங்க ஆரம்பித்து, ஒரு மருத்துவமனையில் இந்தப் படம் எடுத்தார்கள். படத்தைக் கணினித் திரையில் காட்டி விளக்கிய பெண் மருத்துவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருக்காது. முன்சுவரைக் காட்டி, "இந்த எடம் உயிரோட இருக்கு ஐயா, ஆனா வேலை செய்யல" என்றார்.

மாமா சற்று யோசித்துவிட்டு, "லே-ஆஃப்ல இருக்குன்னு சொல்லுங்க" என்றார்.

மருத்துவருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். லே-ஆஃப் என்றால் வேலை நீக்கம் அல்ல. ஆலை ஓடாது, ஆள் கணக்கில் இருப்பான், சட்டப்படி பாதிச் சம்பளம் வரும். மூலப்பொருள் வந்தால் கூப்பிடுவார்கள். அறிதுயிலுக்கு இதைவிடத் துல்லியமான உரையை நான் எந்த மருத்துவ நூலிலும் படித்ததில்லை. மருத்துவரும் அதை ரசித்தார்.

பிறகு அவர் கீழ்ச்சுவரைக் காட்டினார். அங்கே வெள்ளை கனமாக இருந்தது. "அந்தப் பக்கம் போற குழாய்க்கு ஒட்டுப் போட்டாலும் பலன் கம்மிதான் ஐயா."

"கம்மின்னா இல்லேன்னு அர்த்தமா டாக்டரம்மா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "இல்ல ஐயா. கம்மின்னா கம்மிதான்" என்றார்.

இந்தக் கடைசி வாக்கியத்தை அறவியலில் ஒரு சாதனையாக நான் கருதுகிறேன். இல்லை என்று சொல்லியிருந்தால் அவருக்கு நேரம் மிச்சமாகியிருக்கும். முயன்று பார்க்கலாம் என்று சொல்லியிருந்தால் மாமாவுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். இரண்டையும் செய்யாமல், தன்னிடம் உள்ள அறிவு எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் வாயைத் திறந்தார். எண்ணுக்கும் வாக்கியத்துக்கும் நடுவிலுள்ள தூரத்தை அவர் சுருக்கவுமில்லை, நீட்டவுமில்லை.

மாமாவுக்குப் பைபாஸ் நடந்தது. ஒரு வருஷம் கழித்து எடுத்த எக்கோவில் இருதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் அளவு மூன்று புள்ளி ஏறியிருந்தது; அளவீட்டின் தடுமாற்றத்துக்குள்ளேயே அடங்கிவிடும் வித்தியாசம். அவர் இப்போது மாடிப்படி ஏறுகிறார். இதை எந்தக் கட்சிக்கும் சாட்சியமாக நான் வைக்கவில்லை. மாத்திரைகளும் உண்டு, பீடியை விட்டதும் உண்டு. ஒரு மனிதனின் கதையிலிருந்து சிகிச்சையின் பலனைப் பிரித்தெடுக்க எவராலும் முடியாது. நான் காட்ட விரும்புவது வேறொன்று. படம் ஆருடம் சொன்னது சுவரைப் பற்றி. நாங்கள் கேட்டது மாமாவைப் பற்றி. இரண்டு வாக்கியங்களுக்கும் எழுவாய் வேறு.

5

எழுவாய் மாற்றம் வெறும் இலக்கண விஷயம் என்று யாராவது சொன்னால், அடுத்து நடந்ததை அவர்கள் பார்க்க வேண்டும்.

ஸ்டிச் என்று பெயரிட்ட பன்னாட்டு ஆய்வில் இருதயம் வெகுவாகப் பலவீனப்பட்ட 1212 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குப் பைபாஸும் மருந்தும், மறுபாதிக்கு மருந்து மட்டும் கொடுத்தார்கள். 2011-இல் வந்த முதல் முடிவில் சாவின் கணக்கில் தெளிவான வித்தியாசம் தென்படவில்லை. 2016-இல் பத்து வருஷக் கணக்கு வந்தபோது மருந்து மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 66.1 பேரும், பைபாஸ் செய்துகொண்டவர்களில் 58.9 பேரும் இறந்திருந்தார்கள். ஆக, பைபாஸால் பலன் உண்டு; அது மெதுவாக வருகிறது. இவர்களில் 601 பேருக்குத் தசையின் உயிர்த்தகுதியும் பரிசோதிக்கப்பட்டிருந்தது. எம்.ஆர்.ஐ. மூலம் அல்ல, அதற்கு முந்தைய முறைகளில். 487 பேருக்குத் தகுதி உண்டு, 114 பேருக்கு இல்லை. எல்லோரும் எதிர்பார்த்தது, தகுதியுள்ளவர்களுக்கு அறுவை நல்லது செய்யும், இல்லாதவர்களுக்குச் செய்யாது என்பது. அப்படி ஒரு பிரிவு தெரியவில்லை. 2019-இல் பத்து வருஷக் கணக்கிலும் தெரியவில்லை. அதைவிட விசித்திரம்: தகுதியுள்ளவர்களின் இருதயம் ஓரளவு தேறியது, அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும். அப்படித் தேறியதற்கும் பிற்பாடு அவர்கள் உயிரோடிருந்ததற்கும் தொடர்பு காணப்படவில்லை.

பிரிட்டனில் நடந்த ரிவைவ்டு என்ற ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. 40 மருத்துவமனைகள், 700 பேர். எல்லோருக்கும் தசையில் உயிர்த்தகுதி இருப்பது முன்கூட்டியே காட்டப்பட்டிருந்தது, பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. மூலம். பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்துக் குழாயைத் திறந்தார்கள். சாவு அல்லது இருதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வது என்ற கணக்கில் ஸ்டென்ட் வைத்தவர்களில் நூற்றுக்கு 37.2, வைக்காதவர்களில் 38.0. வித்தியாசம் இல்லை என்று பொருள். அடுத்த வருஷம் அதே ஆய்வின் படங்களைத் துருவியபோது, உறங்கும் தசை எவ்வளவு என்பது எதையும் முன்னறிவிக்கவில்லை. செத்த தசை எவ்வளவு என்பது முன்னறிவித்தது. தழும்பு பெரிதாக உள்ளவர்களுக்குக் கஷ்டகாலம், ஸ்டென்ட் வைத்தாலும் வைக்காவிட்டாலும்.

படம் பொய் சொல்லவில்லை. தசையைப் பற்றிக் கேட்டால் தசையைப் பற்றிச் சொல்கிறது. மனிதனின் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டாலும் ஓரளவு சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கேள்விக்குத்தான் அதனிடம் பதில் இல்லை: நாம் கையை வைத்தால் என்ன மாறும்?

என்ன நடக்கும் என்பதும், நாம் செய்தால் என்ன மாறும் என்பதும் ஒரே கேள்வி போலத் தோன்றும் இரண்டு கேள்விகள். நம் மரபுக்கு இந்தப் பிரிவு தெரியும். வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் கொடுத்தார், 38-ஆவது. ஆள்வினையுடைமைக்கு இன்னொன்று, 62-ஆவது. ஒன்று மற்றதை மறுக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் பட்டிமன்றம் நடத்துவோம். மறுக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். இரண்டும் இரண்டு கேள்விகளுக்கான பதில்கள். ஒன்றை மற்றதற்குப் பதிலாக வைப்பதில்தான் விபரீதம் பிறக்கிறது. தழும்பின் அளவைப் படித்துவிட்டு, 'இவருக்குச் செய்து பிரயோஜனமில்லை' என்று எழுதும்போது ஊழின் கணக்கு ஆள்வினையின் கணக்காக வேஷம் போட்டுக்கொள்கிறது. மருந்து அதிகாரத்தின் கடைசியில் அவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்து நோயுற்றவனை முதலில் வைத்தார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். அந்த நான்கில் படத்துக்கு எந்த இடம் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அது மருந்துக்குப் பக்கத்தில் நிற்கலாம். முதல் இடத்தில் நிற்கக்கூடாது.

6

இதற்கு மறுப்பு உண்டு. அது பலமான மறுப்பு. பலனைக் கணிக்காமல் எல்லோருடைய நெஞ்சையும் திறப்பது கருணையா? பலவீனப்பட்ட இருதயத்தில் பைபாஸ் செய்வது ஆபத்து. மேஜையிலேயே சாகிறவர்கள் உண்டு. அரசு மருத்துவமனையில் கட்டில்கள் எண்ணி வைத்தவை. ஒருவரை உள்ளே எடுத்தால் இன்னொருவர் வராந்தாவில் காத்திருக்கிறார். வாசல் என்று சொல்லி ஒரு சொல்லை வைதுவிட்டுப் போவது எழுத்தாளனுக்கு எளிது. வாசலில் நிற்க வேண்டியவனுக்கு எளிதல்ல.

ஒப்புக்கொள்கிறேன். வாசலே வேண்டாம் என்பது என் கட்சியல்ல. வராந்தாவில் இருப்பவர்களுக்கு நியாயம் செய்ய ஏதோ ஓர் அளவுகோல் வேண்டும். அளவுகோல் இல்லாத இடத்தில் சிபாரிசும் பணமும்தான் அளவுகோலாகும் என்பது இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் சொல்வது, வாசலில் நிற்பவன் எதைக் கொண்டு திருப்பியனுப்புகிறான் என்பதை அறிந்திருக்க வேண்டும் என்பதே. 'கட்டில் இல்லை' என்பது ஒரு காரணம். 'அறுவையின் ஆபத்து பலனைவிட அதிகம்' என்பது ஒரு காரணம். 'உமக்குத் தகுதி இல்லை' என்பது காரணமல்ல. காரணங்களை மறைக்கும் திரை. முதலிரண்டையும் சொல்பவன் தன் முடிவுக்குத் தான் பொறுப்பேற்கிறான். மூன்றாவதைச் சொல்பவன் பொறுப்பை நோயாளியின் தசைக்கு மாற்றிவிடுகிறான். பற்றாக்குறை என்ற சமூக உண்மை, வெள்ளைத் தழும்பு என்ற இயற்கை உண்மையாக உருமாறிவிடுகிறது. அதன் பிறகு யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 1804-இன் சட்டம் செய்ததும் இதுதான். சொத்து யாருக்குப் போக வேண்டும் என்ற மனிதர்களின் தகராறைக் குழந்தையின் நுரையீரலுக்குள் வைத்து மூடியது.

இந்த மனோபாவம் மருத்துவத்துக்கு மட்டும் சொந்தமில்லை. நம் வட்டத்தையும் விட்டு வைக்காமல் சொல்கிறேன். விமர்சனம் என்ற பெயரில் நாமும் படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தோம். மரபுக்கவிதை செத்தது, நாவல் செத்தது, இந்த எழுத்தாளனிடம் இனி எதுவும் இல்லை என்று எத்தனை மரணச் சான்றிதழ்கள். சரியாகச் சொன்னவையும் அவற்றில் உண்டு. ஆனால் நம்முடைய பார்வையும் வெள்ளையை மட்டுமே காணப் பழகிய பார்வை. தழும்பு உடனே கண்ணில் படும். பத்து வருஷம் எழுதாமல் கிடந்தவனிடம் ஓடும் கருப்பு கண்ணில் படாது. தான் எழுந்திருப்பதற்கு வேண்டியது வருகிறதா என்று அவன் காத்திருந்திருக்கலாம். அவனுக்கு ஒரு பத்திரிகை தேவைப்பட்டிருக்கலாம்; ஒரு வாசகன் போதுமானதாக இருந்திருக்கலாம். எழுதுவதில்லை என்று நாம் சொன்னோமே தவிர, அவனுக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று கேட்கவில்லை. மேதைமை எல்லோரிடமும் உறங்குகிறது என்ற ஜனநாயகச் சலுகையை நான் இங்கே வழங்கவில்லை. 58-இல் 57 தேறவில்லை. எழுதாதவர்களில் பெரும்பாலோர் எழுதப்போவதுமில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பைச் சொல்லும் வாக்கியத்தில் ஐம்பத்தெட்டாவது ஆளுக்கு இடம் இருக்கிறதா என்பதில் சொல்பவனின் தரம் தெரிகிறது.

அறிவு குறைவாக இருந்த காலத்தில் மருத்துவன் கைவிரித்தபோது அதில் தன் இயலாமையை ஒப்புக்கொள்ளும் தொனி இருந்தது. 'நம்ம கையில இல்ல' என்பார்கள். இன்று அறிவு கூடியபோது அந்தத் தொனி மறைந்து, இயலாமை எதிரிலுள்ளவனின் குணமாகிவிட்டது. கூடிய அறிவைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. பழைய தொனியை அதோடு சேர்த்து வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கிறேன். முடியும் என்பதற்கு அந்த இளம் மருத்துவரின் ஒரு வாக்கியம் இருக்கிறது. கம்மி என்பதைக் கம்மி என்று சொல்வதற்கு எம்.ஆர்.ஐ. தடையாக இல்லை. பார்க்கப்போனால், எவ்வளவு கம்மி என்று அவருக்குச் சொன்னதே அதுதான்.